சவம் சிரிக்கக் கூடாது

பிப்ரவரி 11, செவ்வாய்

மாசி பிறக்கும் முன்பே வெயில் கொளுத்துகிறது. ஒற்றசேகரமங்கலத்தில் சினிமாக்காரர்களுக்கு ஜெனரேட்டர் வாடகைக்கு. விடியுமுன் போயாயிற்று.

இன்று சவப்பெட்டிக்குள் கிடந்து சிரித்துவிட்டேன். அத்தனை பேர் முன்னால். மானம் கப்பல் ஏறிவிட்டது.

நடந்தது இதுதான். பேய்ப்படம். சவமாகக் கிடக்க வேண்டிய ஆள் நெய்யாற்றின்கரையிலிருந்து வரவே இல்லை. டைரக்டர் திருவனந்தபுரத்துப் பையன். தாடி, எந்நேரமும் பசி. ஜெனரேட்டர் பக்கத்தில் வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டிருந்த என்னைத் தட்டி எழுப்பினான். "சேட்டன்றெ முகம் மதி. மேக்கப் வேண்டா." என் முகமே போதுமாம். பாராட்டா இல்லையா என்று இதுவரை தெரியவில்லை.

பழைய வீட்டு முன்னறை. பெஞ்சு மேல் பிளைவுட் பெட்டி. நம்ம பக்கத்துச் சாவு மாதிரியே எல்லாம். மூக்கில் பஞ்சு, தலைமாட்டில் மெழுகுவர்த்தி, கால் பெருவிரல் இரண்டையும் சேர்த்து வெள்ளைத் துணிக் கிழிசலால் ஒரு கட்டு. கடைசியில் குடும்பம் முழுக்கப் பெட்டியைச் சுற்றி நின்று போட்டோ எடுப்பது. குடும்பமாக நின்றது அக்கம்பக்கத்துப் பெண்கள்.

கண்ணை மூடினேன். 'ஆக்‌ஷன்' என்றான். அழுகைச் சத்தம். அப்போது என் வலது பெருவிரலை யாரோ பிடித்தார்கள். சின்ன விரல்கள், சில்லென்று. கூச்சம் தாங்கவில்லை. உதடு தானாக விரிந்துவிட்டது.

"கட்! சேட்டா, சவம் சிரிக்கருது!"

பார்த்தால் கால்கட்டு அவிழ்ந்து கிடக்கிறது. மறுபடி கட்டினார்கள். மறுபடி அவிழ்ந்தது. டைரக்டருக்கு வெறி. "ஆராடா கெட்டு அழிச்சது?" கட்டை அவிழ்த்தது எவன் என்று மேக்கப்காரனுக்கு நல்ல வசவு. அவன் பெட்டிக்குப் பக்கத்திலேயே வரவில்லை என்று அம்மை மேல் சத்தியம் செய்கிறான். கடைசியில் என் காலைத் துணி போட்டு மூடி எடுத்தார்கள்.

ரெஜினாவிடம் ஜெனரேட்டர் வேலை என்று மட்டும் சொல்லியிருக்கிறேன். என் வீட்டுக்காரிக்குப் பெட்டி என்ற சொல்லே ஆகாது.

பிப்ரவரி 12, புதன்

அதே வெயில். இன்று எனக்கு நடிப்பு இல்லை.

ரத்தம் செய்யும் விதம்: மரச்சீனிக் கிழங்கு மாவுக் கஞ்சி, சிவப்புச் சாயம், கொஞ்சம் கருப்பட்டிப்பாகு. ருசி மோசமில்லை. குடலுக்கு ஆட்டுக்குடல். உச்சி வெயிலுக்கு மேல் ஒரு நாய் வந்து கதாநாயகன் வயிற்றிலிருந்தே குடலைக் கவ்விக்கொண்டு ஓடிற்று. அதையும் படம் பிடித்தார்கள்.

என் வெட்டுண்ட தலையாக ஒரு பப்பாளிக்கு மீசை ஒட்டினார்கள். பப்பாளி என்னைவிட லட்சணம்.

ஒன்று மட்டும். நேற்று ஈக்கள் எல்லோர் மேலும் மொய்த்தன. என் கால்மாட்டுப் பக்கம் மட்டும் ஒன்றுகூட வரவில்லை. லைட் பையன்தான் சொன்னான்.

ஆகஸ்டு 1, வெள்ளி

விடாத மழை. கல்யாணம் ஏது, ஆடி மாசம். மைக் செட் எல்லாம் சாக்குக்கு அடியில்.

படம் வந்துவிட்டது! நம்ம பனச்சமூட்டுக் கொட்டகையிலேயே. பேர் 'சோரப்பந்தி'. மலையாளத்தில் சோர என்றால் ரத்தம். சாவு விருந்துக்கு வந்தவர்களை ஒவ்வொருவராகச் சவம் எழும்பித் தின்னுகிற கதை.

ஆனால் ஜங்ஷனில் விளம்பரத் தட்டி எழுதிய ஆர்ட்டிஸ்ட் மணியன் தமிழ்ச் சனத்துக்காக எழுதியது: 'சோற்றுப்பந்தி. குடும்பத்தோடு கண்டு களியுங்கள்.' கீழே வாழை இலை, சோறு, பருப்பு, பப்படம். அவனைப் பிடித்துக் கேட்டேன்.

"போன்ல சோரப்பந்தி, சோரப்பந்தின்னான். மலையாளத்தான் சோறுன்னு நேரே சொல்லத் தெரியாம சொல்லுதான்னு நான் திருத்தினேனாக்கும்."

"எலே, பேய்ப்படம்லே!"

"பந்தின்னு சொன்னா பின்ன என்னத்த வரைய? பப்படம் வரைஞ்சதுக்கு இன்னும் துட்டு தரல்லே, கேட்டியா."

டீக்கடைக் குமாரனும் நானும் பகல் காட்சிக்குப் போனோம். கொட்டகை நிறைய குடும்பம். கைக்குழந்தைகள். சபையிலிருந்து பெண்கள் வரிசையாக, கையில் பலகாரப் பொதி. முதல் வெட்டு விழுந்ததும் பாதிப் பேர் குடையை எடுத்தார்கள். மழை பலமாக இருந்ததால் மறுபடி உட்கார்ந்தார்கள்.

படத்தைப் பற்றி: சொல்லக்கூடாது. பேய் தும்முகிறது. வெட்டினால் கை முதலில் விழுகிறது, கத்தி பிறகு வருகிறது. நாய்க் காட்சிக்கு மட்டும் கைதட்டல்.

இடைவேளையில் பார்க்கிறேன், பெண்கள் பக்கம் குமாரன் பெண்டாட்டி சாந்தாவோடு என் ஜெபா. பள்ளிக்கூடம் மழைக்கு அடைத்துவிட்டார்களாம். சோற்றுப்பந்தி பார்க்க ரெஜினாவே அனுப்பியிருக்கிறாள். அப்போதே கூட்டிக்கொண்டு வந்திருக்க வேண்டும். செய்யவில்லை. பிள்ளை என்னைத் திரையில் பார்க்கட்டுமே என்று ஒரு ஆசை. எட்டு வயசு, பள்ளியில் போய்ச் சொல்லுவாள், எங்க அப்பா சினிமாவில் உண்டு என்று.

என் பெட்டி வந்தது. பின்னாலிருந்து ஒருத்தன், "எலே, இது நம்ம மைக்செட்டு தாசாக்கும்!" குமாரன், "செத்துக் கெடந்தும் தொந்தி மட்டும் உசிரோட ஏறி எறங்குகு பாரு" என்றான். கொட்டகையே சிரித்தது. நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

சண்டாளன் டைரக்டர், நான் சிரித்த அந்த ஷாட்டையே வைத்திருக்கிறான். சவம் சிரிக்கிறது. ஒரு நொடி கொட்டகை அடங்கிப் போயிற்று. பிறகு முன்னைவிடப் பெரிய சிரிப்பு.

ஜெபா மட்டும் பெஞ்சு மேல் ஏறி நின்றுகொண்டிருந்தாள். சிரிக்கவில்லை. அழவில்லை. திரையில் என் முகத்தை அல்ல, அதற்குக் கீழே எதையோ பார்த்துக்கொண்டு.

வெளியே வந்து ஸ்கூட்டரில் ஏறச் சொன்னேன். எப்போதும் முன்னால் நின்று ஹாரன் அடிப்பவள். வரவில்லை. சாந்தா சேலையைப் பிடித்துக்கொண்டு மழையில் நடந்தே போனாள்.

ஆகஸ்டு 2, சனி

மழை. புட்டும் பயறும்.

ஜெபா என் பக்கத்தில் உட்காரவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு எதிர்ச் சுவர் ஓரம் போய்விட்டாள். "மக்கா, இஞ்ச வா" என்றால் தலையை ஆட்டுகிறாள். பப்பாளிக் கதையைச் சொன்னேன். நாயைப் போலக் குரைத்தும் காட்டினேன். ம்ஹூம்.

ரெஜினாவுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. "பெட்டிக்குள்ள கெடந்தியளோ?" என்றாள். அவ்வளவுதான். அவள் சத்தம் போட்டிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

பிறகு ஜெபா கேட்டாள்.

"அப்பா, அந்தக் கொச்சு ஆரு?"

"எந்தக் கொச்சு?"

"ஒங்க காலுகிட்ட நின்ன கொச்சு. கட்டை அவுத்துவிட்டாளே. நீங்க அவளைப் பாத்துத்தானே சிரிச்சிய?"

படப்பிடிப்பில் பிள்ளைகளே இல்லை என்றேன்.

"உண்டு. மஞ்சப் பிராக்கு. பாக்கெட்டு மட்டும் பச்சை."

ரெஜினா துணி அலசிக்கொண்டிருந்தாள். நிமிராமலே கேட்டாள்.

"பாக்கெட்டு எந்தப் பக்கம்?"

"இந்தப் பக்கம்" என்று ஜெபா இடுப்பின் இடது பக்கத்தைத் தொட்டுக் காட்டினாள்.

ரெஜினா பிழிந்த துணியையே மறுபடி பிழிந்தாள்.

இங்கே எழுதிவிடுகிறேன், வேறு யாரிடம் சொல்ல. ஜெபாவுக்கு முன்னால் ஒருத்தி இருந்தாள். ஐந்து வயசில் காய்ச்சலில் போனாள். மஞ்சள் துணி பற்றாமல் போனதால் பிராக்குக்குப் பச்சையில் பாக்கெட் வைத்தது ரெஜினா. அந்தப் பிராக்கோடுதான் அடக்கம். ஜெபாவுக்கு இது எதுவும் தெரியாது. பிள்ளை மனசில் அந்த பாரம் வேண்டாம் என்று ரெஜினா சொன்னாள், நானும் சரி என்றேன். அன்று பெட்டியைச் சுற்றி நின்று எடுத்த போட்டோ ரெஜினாவின் சேலைகளுக்கு அடியில் இருக்கிறது. ஜெபா திருட்டுத்தனமாகப் பார்த்திருப்பாளோ என்று யோசித்தேன்.

அது கறுப்பு வெள்ளை போட்டோ. பச்சை எப்படித் தெரியும்.

ஆகஸ்டு 3, ஞாயிறு

தூறல். சபை. பிரசங்கத்தில் தூங்கவில்லை, எனக்கே ஆச்சரியம்.

சபைப் பெண்கள் என்னைக் கண்டதும் முந்தானையால் வாயை மூடிச் சிரித்தார்கள். உபதேசியார் மட்டும், "தாசு, உயிர்த்தெழுதல் கொள்ளாமே" என்று மெச்சினார். நானும் சிரித்தேன். ஜெபா அம்மைக்கு அந்தப் பக்கம். நடுவில் ரெஜினா, மதில் மாதிரி.

ஜெபா என்னை எழுப்புவது சத்தம் போட்டுத்தான். ஞாயிற்றுக்கிழமை கால் பெருவிரலைப் பிடித்து இழுத்து எழுப்புவது மூத்தவளின் வழக்கம். பிப்ரவரியில் பெட்டிக்குள் கிடந்தபோது இது ஏன் எனக்கு நினைவு வரவில்லை? வந்திருந்தால் சிரித்திருப்பேனா?

ஆகஸ்டு 4, திங்கள்

மழை விட்டது. சாக்கை விலக்கிப் பார்த்தால் ஆம்ப்ளிஃபயருக்குள் எலிக்குஞ்சு.

பூத்திலிருந்து டைரக்டருக்கு போன். சுற்றி நின்ற கூட்டத்தில் சின்னப்பிள்ளை உண்டா என்று கேட்டேன்.

"கொச்சோ? கொச்சினெ ஆரும் கொண்டு வந்நில்லல்லோ சேட்டா. கொண்டு வந்நால் அதினும் ஊணு கொடுக்கண்டே?"

பிள்ளை வந்திருந்தால் அதற்கும் சோறு போட வேண்டுமாம், அதுவும் நியாயம். அவனிடம் இன்னொரு சோற்றுக்கு வக்கு இல்லை. பிறகு மெல்ல, "படம் எங்ஙனெ உண்டு?" என்றான். பாவம். "எல்லாரும் பயந்துபோனாவ" என்றேன். ஒருத்திவரைக்கும் உண்மைதான்.

ஜெபா இன்றும் பள்ளிக்கூடத்துக்கு நடந்தே. பின்னால் ஸ்கூட்டரை உருட்டிக்கொண்டே போனேன். திரும்பிப் பார்த்தாள். நின்றாள். நான் பக்கத்தில் போனதும் மறுபடி நடந்தாள்.

ஆகஸ்டு 5, செவ்வாய்

மூட்டம். படத்தை இன்றோடு கொட்டகையிலிருந்து எடுக்கிறார்கள். மணியன் தட்டியைச் சுரண்டுகிறான். சோறு போய்விட்டது, பப்படம் பாக்கி.

பகல் காட்சிக்குத் தனியாகப் போனேன். ஆள் இல்லை. முன்னால் இரண்டு பேர் தூங்குகிறார்கள். ஓடு ஒழுகி மணல் மேல் சொட்டுகிறது.

என் பெட்டி வந்தது. இந்தத் தடவை முகத்தைப் பார்க்கவில்லை. கால்மாட்டையே பார்த்தேன். அங்கே வெளிச்சம் பற்றவில்லை (என் ஜெனரேட்டர்தான், வேறு யாரைக் குறை சொல்ல). சேலைத் தலைப்புகள். அதற்கிடையில் மஞ்சளாக ஒன்று. பெட்டி விளிம்பில் இரண்டு கை. முடிச்சை அவசரமில்லாமல், பள்ளிக்கூடத்து ரிப்பனை அவிழ்ப்பது போல அவிழ்க்கிறது. சுற்றி நின்ற பெண்கள் ஒருத்திகூடக் கீழே பார்க்கவில்லை. அப்புறம் திரையில் கிடக்கும் நான் சிரிக்கிறேன்.

யாரும் சிரிக்கவில்லை. ஓடு மட்டும் சொட்டிக்கொண்டிருந்தது.

பார்த்தது இன்னும் ஒன்று உண்டு. எழுத வரவில்லை.

ஆபரேட்டரிடம் அந்தத் துண்டை மறுபடி ஓட்டச் சொல்லிக் கேட்டேன். "அண்ணே, ஒங்க மூஞ்சிய நீங்களே எத்தன மட்டம் பாப்பிய?" என்றான். நியாயமான கேள்வி. சாயங்காலம் தகரப் பெட்டியில் ரீலை அடைத்துக் காட்டாக்கடை பஸ்ஸின் மேலே ஏற்றிவிட்டார்கள். பஸ் மறையும் வரை நின்றேன். எதற்கு என்று தெரியவில்லை. கையை வேறு லேசாக ஆட்டினேன். குமாரன் பார்த்துவிட்டான்.

"ஆருக்குலே டாட்டா காட்டுக?"

"கண்டக்டருக்கு" என்றேன்.

ஆகஸ்டு 7, வியாழன்

மழை. காய்ச்சல் மாதிரி. சுக்குக் கஷாயம். ரெஜினா பேசுவதில்லை. எதிர்ச் சுவர் ஓரம் ஜெபா. இந்தச் சுவர் ஓரம் நான். அப்பன் என்று ஒருத்தன் வீட்டில் இருப்பதே திரைக்கு வெளியே நிற்பது போல இருக்கிறது.

ஆகஸ்டு 9, சனி

வெயில்! துணி எல்லாம் கொடியில்.

ஜெபாவை ஒற்றசேகரமங்கலத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். எல்லாம் பிளைவுட், எல்லாம் சாயம் என்று நேரில் காட்டிவிடலாம் என்று. ஸ்கூட்டர் வேண்டாமாம், பஸ். எனக்கு முன் சீட்டில் தனியாக உட்கார்ந்தாள். ஜன்னல் பக்கம் ஆளே இல்லை, ஆனாலும் ஓரமாக இடம் விட்டு உட்கார்ந்திருந்தாள்.

பழைய வீடு பூட்டு. பெட்டியைப் பின்பக்கத்துச் சாய்ப்புக் கூரைக்கு அடியில் போட்டிருக்கிறார்கள், அதே பெஞ்சு மேல். பெட்டி விளிம்பு ஜெபாவின் கழுத்துக்கு வருகிறது. எட்டிப் பார்த்தாள்.

உள்ளே ஒரு கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது.

நான் கிடந்த இடத்தில், என் தலை இருந்த இடத்தில், கொக்கரித்துக்கொண்டு. என் வேலையை என்னைவிட நன்றாகச் செய்கிறது, அசைவே இல்லை. கையை நீட்டினேன், கொத்திவிட்டது. நான் துள்ளியதைப் பார்த்து ஜெபாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எத்தனை நாளாயிற்று அந்தச் சத்தம் கேட்டு. நானும் வேண்டுமென்றே இன்னொரு கொத்து வாங்கினேன்.

சிரித்து முடித்துவிட்டுப் பக்கத்தில் வந்து நின்றாள்.

"மக்கா, அப்பாகிட்ட என்ன பயம்? அப்பா பேயா?"

"நீங்க பேயில்ல."

"பின்ன?"

கோழியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "அவ கட்டை அவுத்தா நீங்க எழும்பி அவகூடப் போயிருவியளோன்னு. சிரிச்சியளே. எங்கிட்ட அப்பிடிச் சிரிச்சதில்ல."

"அப்பா எங்கயும் போவல்ல மக்கா. பாரு, எடத்தையும் கோழி எடுத்திட்டு."

யோசித்தாள். பிறகு என் கையைப் பிடித்தாள். தானாகப் பிடித்தாள்.

திரும்பும்போது பெட்டியின் கால்மாட்டு ஆணியைக் காட்டினாள். அந்த வெள்ளைத் துணிக் கிழிசல் அதில் தொங்குகிறது. அழகாக, இரண்டு காது வைத்து, பூ மாதிரிக் கட்டியிருக்கிறது. சினிமாக்காரன் எவனுக்கும் அந்தப் பொறுமை கிடையாது. நான் தொடவில்லை. ஜெபா போகிற போக்கில் அதை ஒரு விரலால் தட்டி ஆட்டிவிட்டாள், தெரிந்த பிள்ளையிடம் போய்வருகிறேன் என்று சொல்வது போல.

பஸ்ஸில் என் மடியில் தூங்கிப்போனாள். கால் மரத்துவிட்டது. அசைக்கவில்லை.

ஆகஸ்டு 10, ஞாயிறு

காலையில் வெயில், பிறகு தூறல். சபைக்கு ஸ்கூட்டரில். ஜெபா முன்னால் நின்று வழி நெடுக ஹாரன். ஊர்க் கோழி எல்லாம் ஓடின. உபதேசியார் வேலியோடு ஒதுங்கினார்.

மத்தியானம் சோறு, நெத்திலிக் கருவாடு, மரச்சீனி. ஜெபா என் தட்டிலிருந்தே எடுத்துத் தின்றாள். பிறகு சாந்தா வீட்டுக்கு விளையாடப் போனாள்.

அடுக்களையில் ரெஜினாவும் நானும். அவள் தேயிலைத் தண்ணி போட்டாள். பாத்திரத்தைக் கழுவிக்கொண்டே, என் முகம் பாராமல் கேட்டாள்.

"செவ்வாக்கிழம திரும்பவும் கொட்டகைக்குப் போனியளாமே. குமாரன் சொன்னாரு."

"போனேன்."

"கண்டியளா?"

அடுப்பில் விறகு வெடித்தது. வெளியே சரிந்த கொள்ளியை உள்ளே தள்ளினேன்.

"இருந்தா இப்ப பத்தாங்கிளாசு" என்றாள். பிறகு ரொம்ப மெதுவாக, "வளந்திருந்தாளா?"

"ரீலை வெட்டிப்போட்டானுவ பிள்ளே. அந்த எடமே இல்ல."

சரி என்று தலையாட்டினாள். என் கிளாசில் இன்னும் கொஞ்சம் ஊற்றினாள், நான் கேட்கவில்லை.

பெட்டி விளிம்புக்கு மேலே நெற்றி மட்டும்தான் வந்தது, முடிச்சை எட்டிப் பிடிக்க நுனிக்காலில்தான் நின்றிருப்பாள், அதே உயரந்தான் என்று நான் சொல்லவில்லை.